அனிமோன் உடல்நலம் வேண்டி

என் பேரு ஆரோக்கியம், எங்க ஊட்டுக்காரர் பேரு பிரகாசம். ஆவடி டாங்கி ஃபேக்டரில முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவர். இன்ஸ்பெக்ஷன்னா இன்னான்னா, மத்தவன் கஷ்டப்பட்டு செஞ்சத வாங்கிப் பாத்து சரியில்லன்னு சொல்ற வேலை. அதுக்கு சம்பளமும் குடுத்து குவார்ட்டர்ஸும் குடுத்தாங்க. இரும்புத் துண்டுல தலைமுடி அளவு கோடு இருந்தா போதும், செவப்பு பெயிண்ட்ட எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டுடுவார். கூட வேலை செஞ்சவங்க வச்ச பேரு ரிஜெக்ட் பிரகாசம். ரிட்டயர்மென்ட் விழால மைக்லயே அப்படித்தான் கூப்ட்டாங்க. இவரும் என்னமோ பட்டம் குடுத்தாப்ல சிரிச்சுகினே மேடைக்குப் போனார்.

அந்தக் கண்ண ஃபேக்டரியிலயே ஒப்படைச்சுட்டு வந்திருக்கணும். ஊட்டுக்கு எடுத்துகினு வந்துட்டார். சேக்காட்டுல நாங்க கட்ன ஊட்ல எந்தக் கதவு எத்தன நூல் சாஞ்சிருக்குன்னு அவருக்குத் தெரியும். சப்பாத்தி வட்டமா இல்லன்னு ஒண்ணும் சொல்லமாட்டார், ஆனா தட்ட ஒரு சுத்து சுத்திப் பாப்பார். காய்கறி வண்டிக்காரர் தெருவுல எல்லா வாசல்லயும் நின்னு கூவிட்டு எங்க வாசல்ல மட்டும் வாய மூடிகினு தாண்டிப் போவார். ரிட்டயர் ஆன மூணாவது மாசம் நான் எங்க பொண்ணு ரியாகிட்ட சொல்லிட்டேன், ஒண்ணு உங்கப்பாவுக்கு ஒரு வேலை பாரு, இல்லன்னா எனக்கு தனியா ஒரு ஊடு பாருன்னு.

ரியா எங்களுக்கு ஒரே பொண்ணு. இருபத்தேழு வயசு. அம்பத்தூர் எஸ்டேட்ல பெயிண்ட் கம்பெனி லேப்ல வேலை. அவ ஒரு ஞாயித்துக்கெழம அப்பாவ வண்டில ஏத்திகினு போய் பூந்தமல்லில ராஷித்னு ஒரு தம்பியோட கலர் மீன் கடையில எறக்கி உட்டா. அன்னிலேர்ந்து என் சமையல்கட்டு தப்பிச்சுது. முதல்ல சாதா மீன். அப்புறம் கடல் மீன். ஹால்ல அஞ்சடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, அதுக்கு மேல நீல லைட்டு, பக்கத்துல உப்புத் தண்ணி கலக்க ஒரு நீல டிரம்மு. தண்ணில உப்பு எவ்ளோன்னு பாக்க ஒரு சின்ன கருவி வச்சிருக்கார், தினம் ரெண்டு தபா ஒரு சொட்டு உட்டு ஒத்தக் கண்ணால பாப்பார். இருபத்தெட்டு வருஷமா என் கொழம்புல உப்பு கீதா இல்லையான்னு ஒரு நாள் சொன்ன மனுஷன் இல்ல.

அந்தத் தொட்டிக்குத்தான் அனிமோன் வந்துது. கடல்ல பாறைய புடிச்சுகினு இருக்கற உசிரு. கீழ ஒரு கால், நடுவுல வாய், சுத்தி விரல் விரலா நூறு கை. மூஞ்சி கிடையாது. ஆரஞ்சு மீனு ரெண்டு அதுக்குள்ளயே பூந்து பூந்து குடித்தனம் பண்ணும். நான் பாத்த உடனே கேட்டேன், போயும் போயும் இந்தக் கலர்ல எதுக்கு வாங்கினீங்கன்னு. நல்ல காப்பித்தூள் கலரு. அந்தக் கடையில வேற இல்லையா, பாக்க லட்சணமா? இவர் என்ன ஒரு பார்வ பாத்துட்டு இதுதான் ஏ ஒன் பீஸுன்னார். இருபத்தெட்டு வருஷத்துல அவர் வாயால ஏ ஒன்னு சொல்லி நான் கேட்டது அதான் முதல் தபா. கல்யாணத்தன்னிக்கு என்னப் பாத்து கூட சொல்லல.

இப்ப ரியா விஷயத்துக்கு வர்றேன். எல்லாத்துக்கும் காரணம் அதுதான்.

ரியா அவங்கப்பா மாதிரி. கலர் கம்மி. நான் பெத்தவ, எனக்குச் சொல்ல உரிமை கீது. ரெண்டு எடம் வந்துது. ரெண்டு பேரும் கேசரி, பஜ்ஜி, காப்பின்னு முழுசா சாப்டுட்டு, ஊட்டுக்குப் போயி கலந்து பேசிட்டு சொல்றோம்னு எழுந்து போனாங்க. அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு பொண்ணப் பெத்த எல்லாருக்கும் தெரியும். அப்புறம் ஆள் வச்சு விசாரிச்சா, பொண்ணு தங்கம், கலருதான் கொஞ்சம்னு பதில் வந்துது. அந்த "கொஞ்சம்"ங்கற வார்த்தைல எனக்கு எத்தன நாள் தூக்கம் போச்சு தெரியுமா? அதனால வெயில்ல போவாத, வண்டில போனா மூஞ்சிய மூடு, அந்தக் களிம்ப தடவு, இந்த மாவ பூசுன்னு அவ பின்னாடியே சுத்துவேன். கம்பெனிலேர்ந்து வந்து வண்டிய நிறுத்தினா நான் சொல்ற முதல் வார்த்தை, "இன்னாடி இப்படி கறுத்துட்ட." சாப்ட்டியான்னு கேக்கறது அப்புறம்தான்.

மூணாவதா ஒரு எடம் வந்துது. அண்ணனூர். பையன் பேரு ரிச்சர்ட், பேங்க்ல வேலை. அவங்கம்மா ஸ்வீட்லின் டீச்சர், எங்க கோயிலுக்குத்தான் பூசைக்கு வர்றவங்க, ஆனா கூட்டத்துல ரியாவ கிட்ட பாத்ததில்ல. நேர்ல வர்றதுக்கு முன்னாடி வீடியோ கால்ல பேசுவோம்னாங்க. முதல் நாள் ஹால் சோபாவுல ரியாவ உக்கார வச்சேன். பின்னாடி சுவத்துல திருஇருதய ஆண்டவர் படம் தெரியணும், பக்தியான குடும்பம்னு அவங்களுக்குப் புரியணும். ஆனா பக்கத்துலயே இந்தத் தொட்டி. அந்த நீல லைட்டு அடிச்சு என் பொண்ணு மூஞ்சி கத்திரிக்கா கலர்ல போன்ல தெரியுது. எனக்கு பகீர்னுது. டீச்சரு வேற, சிக்னல் சரியில்லையான்னு கேட்டாங்க.

அந்த வாரம்தான் இவருக்கு கண்ணுல புரை எடுத்தாங்க. குனியக் கூடாது, தூசு படக் கூடாது, மூணு வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுகினு உள் ரூம்ல இருக்கணும்னுட்டாங்க. நான் யோசிச்சேன். ஆண்டவரே வழி காட்றார்னு நெனச்சேன். தொட்டி லைட்ட நிறுத்திட்டேன். அந்த லைட்டு உங்க கண்ணுக்கு ஆகாதுன்னு இவர்கிட்ட சொன்னேன். பொய்தான். அந்தப் பொய்ய அப்புறம் ஃபாதர்கிட்ட சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன், அதனால உங்ககிட்ட சொல்றதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு டீச்சர் கூப்டுவாங்க, வெள்ள டியூப் லைட்டு ரெண்டு போட்டு ரியாவ உக்கார வைப்பேன். அப்புறம் தொட்டி லைட்ட போடலாம்தான். ஆனா மறுநாள் நிறுத்த மறந்துட்டா? ரியா போடுவா, நான் நிறுத்துவேன். அந்த வெள்ள லைட்டுலதான் போட்டோவும் எடுத்து அனுப்பினேன்.

ரெண்டு வாரத்துல அனிமோன் மாற ஆரம்பிச்சுது. காப்பித்தூள் கலரு பால் காப்பி ஆச்சு, பால் காப்பி வெறும் பாலாச்சு. சத்தியமா சொல்றேன், அவ்ளோ அழகு. எதிர் ஊட்டு கமலம் சர்க்கரை கேக்க வந்தவ தொட்டி முன்னாடி நின்னுட்டா. "இன்னாக்கா, நல்லா கலராயிட்டுதே"ன்னா. எனக்குப் பெருமை தாங்கல. வெயில் படாம, அதிகம் வெளிச்சம் படாம வச்சா எதுவும் கலர் வரும் கமலம்னு நானே வளத்த மாதிரி சொன்னேன்.

ரியா மட்டும் சொன்னா, வெளுத்துப் போன மாதிரி கீதேம்மா, அப்பாகிட்ட காட்டலாம்னு. பெயிண்ட் கம்பெனில வெள்ளையிலயே நாப்பது வெள்ளை பாக்கறவ. நான் உடுவனா? "வாயில்லாத ஜென்மம், அதுவே நிழல்ல இருந்து கலர் வந்துடுச்சு. நீ சொன்னா கேக்கறியா?"ன்னு கேட்டேன். ரியா களிம்பு டப்பாவ எடுத்துகினு உள்ள போயிட்டா.

மூணு வாரம் கழிச்சு இவர் கறுப்புக் கண்ணாடிய கழட்டிட்டு நேரா தொட்டிகிட்ட போனார். பாத்தார். திரும்ப என்னப் பாத்தார், சுவத்தப் பாத்தார், வேட்டியப் பாத்தார். கண் டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கார், புது லென்ஸுல எல்லாம் முன்ன விட வெள்ளையா தெரியும்னு. அதனால இந்த மனுஷன், தலைமுடி கோட்ட கண்டுபிடிச்ச ரிஜெக்ட் பிரகாசம், "ஆபரேஷன் நல்லா பண்ணியிருக்கான் ஆரோக்கியம், அனிமோன் கூட வெள்ளையா தெரியுது"ன்னு சந்தோஷமா சொன்னார். நானும் ஆமாங்க, நல்ல டாக்டர்னேன்.

ரெண்டு நாள் அப்படியே போச்சு. மூணாம் நாள் அதோட வாய் தொறந்து தொங்கிடுச்சு. கையெல்லாம் சுருங்கிப் போச்சு, கால் பாறைய உட்டு பாதி வந்துடுச்சு. அதுக்குள்ளயே கெடந்த ரெண்டு மீனும் வெளில வந்து மூலைல நிக்குது. இவர் ராஷித்துக்கு வீடியோ போட்டு காட்டினார். நான் பின்னாடி நின்னு, தம்பி, நல்லா கலர்தானே வந்திருக்குன்னு கேட்டேன். ராஷித் போன இன்னும் கிட்ட காட்டச் சொல்லி பாத்தான். அப்புறம் சொன்னான்.

"அக்கா, கலர் வரல. கலர் போயிடுச்சு. அந்தப் பழுப்புதான் அதுக்கு சோறு."

அவன் விளக்கமா சொன்னத எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். அது ஒடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்குமாம். லைட்டு பட்டா அந்தப் பாசி சமைச்சு இதுக்கு ஊட்டுமாம். பழுப்பு கலரே அந்தப் பாசிதான். லைட்டு இல்லன்னா பாசி போயிடும். அப்புறம் இது வெள்ளையா, அழகா, பட்டினி கெடந்து சாவும். மருந்துன்னு ஒண்ணும் ஊத்தாதீங்க, தண்ணிய ஒழுங்கா வைங்க, லைட்ட ஒரேயடியா போடாம ஒரு மணி, ரெண்டு மணின்னு ஏத்துங்க, மூணு நாளைக்கு ஒரு தபா எறால அரிசி அளவு நறுக்கி இடுக்கில புடிச்சு குடுங்க, வாங்கிகிட்டா பொழைக்கும்னு சொன்னான். வாங்கலன்னா? அத அவன் சொல்லல.

இவர் மெதுவா என் பக்கம் திரும்பி, மூணு வாரமும் லைட்ட சுத்தமா நிறுத்திட்டியான்னு கேட்டார். உங்க கண்ணுக்காகத்தான்னேன். திட்டுவார்னு பாத்தா அந்த மனுஷன் கண்ணு கலங்கிடுச்சு. என் தோள்ல கைய வச்சு, பரவால்ல ஆரோக்கியம், எனக்காகத்தான செஞ்சன்னார். அன்னிக்கு சாயங்காலம் போன்ல எல்லாருக்கும் சொல்றார், என் பொண்டாட்டி என் கண்ணுக்காக தொட்டியவே இருட்டாக்கிட்டான்னு. ஒவ்வொரு தபா சொல்லும்போதும் எனக்கு பூமிக்குள்ள பூந்துடலாம்னு இருந்துது.

அந்தக் குத்த உணர்ச்சிலதான் நான் இன்னொரு தப்பு செஞ்சேன். ரெண்டு வாரத்துல ரிச்சர்ட் ஊட்லேர்ந்து பொண்ணு பாக்க வர்றாங்க. நாங்க வேதக்காரங்க, சகுனம் பாக்கறதில்ல. ஆனா பொண்ணு பாக்க வர்ற நேரத்துல ஊட்ல ஒண்ணு செத்து மெதந்தா நல்லாவா இருக்கும்? அதனால கோயில் ஆபீஸுக்குப் போயி உடல்நலம் வேண்டி ஒரு பூசை எழுதி வச்சேன். மீன் தொட்டிக்கு பூசைன்னு எழுத முடியுமா? பேர மட்டும் சொன்னேன், அனிமோன்னு. எழுதறவர் நிமிர்ந்து, ஆணா பொண்ணான்னு கேட்டார். எனக்கு இன்னா தெரியும்? பொண்ணுன்னுட்டேன்.

ஞாயித்துக்கெழம கோயில் நெறைய கூட்டம். பூசைக்கு முன்னாடி மைக்ல வாசிக்கறாங்க: "இத்திருப்பலி, சேக்காடு பிரகாசம், ஆரோக்கியம்மாள் குடும்பத்தினரால், செல்வி அனிமோன் உடல்நலம் வேண்டி ஒப்புக்கொடுக்கப்படுகிறது." பக்கத்துல ரியா கைக்குட்டையால வாயப் பொத்திகினு குலுங்கறா. இவர் மட்டும் பக்தியா கண்ண மூடி ஆமென் சொல்றார்.

பூசை முடிஞ்சு ஊட்டுக்கு வந்து சேல மாத்தல, எங்க தெரு செபக்கூட்டம் அன்பியத்து பொம்பளைங்க நாலு பேரு சாத்துக்குடி, ரொட்டி பாக்கெட்டோட வாசல்ல நிக்கறாங்க. புள்ள எந்த ரூம்ல படுத்திருக்குன்னு கேக்கறாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவர் அவங்கள தொட்டிகிட்ட கூட்டிகினு போயிட்டார். கண்ணாடிய தொடாதீங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல நிக்காதீங்கன்னு ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி சொல்றார். ஒருத்தி செபமாலைய வெளில எடுத்தவ, திரும்ப பைக்குள்ள வச்சுகினா. சாத்துக்குடிய மட்டும் குடுத்துட்டுப் போனாங்க.

மதியம் ஸ்வீட்லின் டீச்சர் போன். எடுத்த உடனே, உங்களுக்கு ஒரே பொண்ணுன்னுதான சொன்னீங்கன்னாங்க. நான் அனிமோன்னா கடல்ல இருக்கற ஒரு இதுன்னேன். எதுன்னாங்க. மூஞ்சி இருக்காதுங்க, வாய் மட்டும் இருக்கும்னேன். நான் பேசப் பேச நெலம மோசமாகுதுன்னு எனக்கே தெரிஞ்சுது. சீக்காளிப் பொண்ணு ஒண்ண உள்ள வச்சு மறைக்கறோம்னு அவங்க நெனச்சுட்டாங்க. வார்த்தைய மூடி மூடி, குடும்பத்துல பரம்பரையா ஏதாவது உண்டான்னு கேட்டாங்க.

ரெண்டு வாரம்னு சொன்னவங்க அந்தப் புதன்கெழமையே வந்துட்டாங்க. சகாயமாதா நவநாள் செபம் முடிச்சு, போற வழிலன்னு சொல்லி அம்மாவும் புள்ளையும் உள்ள வந்தாங்க. அண்ணனூருக்கு எங்க தெரு ஒண்ணும் வழி இல்ல. ரியா அப்பதான் கம்பெனிலேர்ந்து வந்து எறங்கியிருக்கா. மூஞ்சி கழுவல, பவுடர் இல்ல, தலைல ஹெல்மெட் அழுத்தின தடம். தொட்டில அன்னிக்கு லைட்டுக்கு நேரம், நீலமா எரியுது. நான் எதுக்கு பயந்தனோ அது அத்தனையும் ஒரே எடத்துல ஒண்ணா நின்னுது. சுவிட்ச் பக்கம் ஒரு அடி வச்சேன், இவர் அங்கயே சேர் போட்டு உக்காந்திருக்கார்.

டீச்சர் ரூம் ரூமா எட்டிப் பாத்துட்டு, அனிமோன் எங்கன்னாங்க. இவர் பெருமையா காட்டினார். எறால் குடுக்கற நாளும் அதுதான். ரியா பைய கூட எறக்காம கைய கழுவிகினு வந்து, இடுக்கில ஒரு துணுக்கு புடிச்சு மெதுவா உள்ள நீட்டினா. போன ரெண்டு தபா வாங்கல. ரிச்சர்ட் முறுக்க வாய்க்குக் கொண்டு போனவன் அப்படியே நிறுத்திட்டான். ஒரு கை மெதுவா மடங்குது. அப்புறம் பக்கத்துக் கை. துணுக்க வாங்கி உள்ள இழுத்துகிச்சு. வாங்கிடுச்சுப்பான்னு ரியா சொன்னா. நீல வெளிச்சத்துல அப்பாவும் பொண்ணும் ஒரே மாதிரி சிரிக்கறாங்க. அந்த நேரத்துல கூட, சத்தியமா சொல்றேன், ஐயோ இந்த லைட்டுல மூஞ்ச காட்றாளேன்னுதான் நான் நெனச்சேன்.

டீச்சருக்கு சந்தேகம் தீந்துடுச்சு. நல்லா வெள்ளையா அழகாத்தான கீது, இதுக்கா இவ்ளோ வைத்தியம்னு கேட்டாங்க. அந்த வெள்ளைதாங்க சீக்கு, பழைய கலரு வரணும்னு இவர் சொன்னார். அவங்க அத காதுல வாங்கல. பார்வ ரியா மேல போயிடுச்சு. மேலயும் கீழயும் பாத்துட்டு சொன்னாங்க, "போட்டோல கொஞ்சம் கலரா தெரிஞ்சுதேம்மா."

ரியா இடுக்கிய துடைச்சுகினே பதில் சொன்னா. கோவமா இல்ல, சாதாரணமா. "அப்ப இந்த லைட்ட அம்மா நிறுத்தி வச்சிருந்தாங்க ஆன்ட்டி. உங்களுக்காக மூணு வாரம்."

இவர் என்னப் பாத்தார். புது லென்ஸு போட்ட கண்ணு. அந்தப் பார்வைல நான் இருபத்தெட்டு வருஷத்துல பாக்காத ஒண்ணு இருந்துது. கண்ணுக்காகன்னு சொன்னியேன்னு கேக்கல. கேட்டிருந்தா தேவலாம். அனிமோன பாத்தார், ரியாவ பாத்தார், அப்புறம் எழுந்து வேட்டிய சரி பண்ணிகினு டீச்சர் முன்னாடி கை கூப்பினார்.

"வந்ததுக்கு சந்தோஷங்க. நாங்க ஊட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்."

டீச்சருக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் வெளங்கல. அது அவங்க சொல்ல வேண்டிய வசனம். அவங்க ஊட்டு சொத்த யாரோ எடுத்துகின மாதிரி முழிச்சாங்க. ரிச்சர்ட் முறுக்க தட்டுல வச்சுட்டு எழுந்தான்.

பத்து நாள் கழிச்சு போன் வந்துது. பையனுக்குப் புடிச்சிருக்காம், கலரு பரவால்ல, நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்னாங்க. நான் போன கையில புடிச்சுகினு இவரப் பாத்தேன், இவர் ரியாவப் பாத்தார். ரியா தலைய ஆட்டினா, வேணாம்னு. ரெண்டு நாள் அழுதேன், சோறு பொங்கல, யார்கிட்டயும் பேசல. பேங்க் வேலைங்க. இருபத்தேழு முடிஞ்சு இருபத்தெட்டு நடக்குது. இவரும் என்கிட்ட பேசல. எறால் நறுக்கறதுக்கு மட்டும் கத்திய கேப்பார்.

அப்புறம் தினம் லைட்ட போடற வேலை என்னுதாயிடுச்சு. யாரும் சொல்லல, நானாத்தான் எடுத்துகினேன். காலைல பத்து மணிக்குப் போடுவேன், சாயங்காலம் நிறுத்துவேன். அதுக்கு முன்னாடி நின்னு பாப்பேன். கால் திரும்ப பாறைய புடிச்சுது. வாய் மூடிச்சு. மீனு ரெண்டும் ஒரு நாள் கிட்ட வந்து உரசிப் பாத்துட்டு உள்ள போச்சு. ஆனா கலரு மட்டும் வரல. செத்த வெள்ள. கண் குளிர இருந்த அந்த வெள்ள இப்ப பாக்கவே பயமா இருந்துது.

டிசம்பர்ல கிறிஸ்துமஸ் குடில் கட்டறதுக்காக ஹால்ல அட்டப்பெட்டிய பிரிச்சுகினு இருந்தேன். இவர் பரண்ல ஸ்டார் தேடிகினு இருந்தார். சும்மா நிமிர்ந்து தொட்டியப் பாத்தேன். கிட்ட போயி பாத்தேன். ஒவ்வொரு விரல் அடியிலயும் லேசா, டீ டிகாஷன் ஒரு சொட்டு உட்டாப்ல. கண்ணாடில மூக்க வச்சு பாத்தேன். நெசம்தான்.

"இன்னாங்க, இங்க வாங்க," கத்தறேன். "கறுத்துகினு வருதுங்க. நல்லா கறுத்துகினு வருது."

இவர் ஏணிலேர்ந்து எறங்கறதுக்குள்ள, வாசல்ல வண்டிய நிறுத்திட்டு ரியா உள்ள வந்துட்டா. ஹெல்மெட்ட கழட்டாம நடு ஹால்ல நிக்கறா. ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னாடி அவ கண்ணு மட்டும் தெரியுது. என் வாய்லேர்ந்து அந்த வார்த்தைய எத்தன வருஷமா, எத்தன சாயங்காலமா கேட்டவ.

"இன்னாம்மா சொன்ன?"ன்னா. "இன்னொரு தபா சொல்லு."

கிட்ட போயி அவ ஹெல்மெட்ட கழட்டினேன். வேர்வைல முடி நெத்தில ஒட்டிகினு இருந்துது, ஒதுக்கி உட்டேன். சாப்ட்டியான்னு கேட்டேன்.